பிளக் பொயின்டில் மூன்றாவது வயர் எங்கே?

வெள்ளவத்தையில் ஒரு வீடு. மேல்மாடியில் புதிதாக ஓர் அறையும் பாத்ரூமும் கட்டி, வயரிங்கை வீட்டுக்காரத் தம்பியே செய்திருந்தார். கைவேலை சுத்தம். சுவரில் பெயின்டும் அடித்தாயிற்று. "பிளக் டெஸ்டரைக் குத்திப் பார்த்தன் அண்ணா, அதில லைட் எல்லாம் சரியாத்தான் காட்டுது" என்றார்.

ஹீட்டருக்கான 13 ஆம்பியர் பொயின்டைக் கழற்றினேன். வயர்க் குழாய்க்குள்ளிருந்து வந்தவை இரண்டே வயர்கள்; எர்த் வயர் இல்லை. நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குலப் பச்சை வயர்த் துண்டு ஒன்றை முறுக்கி விட்டிருந்தார். எர்த்தும் நியூட்ரலும் டெஸ்டருக்கு ஒன்றுதான். அதனால்தான் அது 'சரி' என்றது.

நியூட்ரல் எங்காவது கழன்றால் என்ன நடக்கும்? ஹீட்டரின் சுருள் வழியாக 230 வோல்ட்டும் அந்தத் துண்டு வயரில் ஏறி, ஹீட்டரின் இரும்பு உடலுக்கு வந்து நிற்கும். குளிக்கப் போகிற பிள்ளை ஈரக் கையோடு அதைத் தொடும்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குதானே அண்ணா?"

இருக்கிறது. ஆனால் 30 மில்லி ஆம்பியர் அளவில் மின்சாரம் கசிந்தால்தான் அது விழும். எர்த் இல்லாத இடத்தில் அந்தக் கசிவுக்குப் பாதை மனித உடம்பு. எர்த் ஒழுங்காக இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும்.

சிலர் ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரடியாக வயரைக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ட்ரிப் இல்லாவிட்டால் மிஞ்சுவது சாதாரண பிரேக்கர்தான். மண்ணில் அடித்த வீட்டு எர்த் கம்பியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 20 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையவே அசையாது.

புது இணைப்பு எடுக்கும்போது பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். பிறகு ஓர் அறையைக் கூட்டிக் கட்டினால் யாரும் வந்து பார்ப்பதில்லை. என் கவலையே அதுதான். சுவர் வெட்டுவது, குழாய் பதிப்பது எல்லாம் நீங்களே செய்யுங்கள். இணைப்பையும் சோதனையையும் உரிமம் பெற்ற மின்னியலாளரிடம் விடுங்கள், அதுவும் பூச்சு பூசுவதற்கு முன். வயரின் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியை வைத்து அவர் பார்ப்பார். இன்சுலேஷன் தடை 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. எர்த் தடை, ட்ரிப் விழும் நேரம் இரண்டையும் அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த வீட்டில் இரண்டு மூலைகளில் பூச்சை உடைத்து, குழாய் வழியாக மெயின் போர்ட் வரை ஒரு பச்சை வயரை இழுத்தோம். துண்டு வயரைத் தம்பியே கழற்றினார். அதற்குப் பிறகுதான் ஹீட்டரைப் போட விட்டேன்.