ஓரிடத்தில் எழுதினால் எத்தனை ஃபில்டர்கள்?

ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் டாம்கேட் சர்வர் ஒன்றில் ஐந்து செயலிகள் ஓடுகின்றன. உள்ளே வரும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் ஓர் அடையாள எண் இட வேண்டும். அதற்காக ஐந்தையும் திறந்து திருத்த வேண்டியதில்லை. டாம்கேட்டின் கான்ஃப் கோப்புறையில் உள்ள பொதுவான வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு ஃபில்டரை, அதாவது கோரிக்கை செயலியை அடையும் வழியில் குறுக்கிடும் நிரலை, பதிந்தால் போதும். செயலி தொடங்கும்போது, அதன் சொந்த வெப்.எக்ஸ்எம்எல்லோடு இதையும் சேர்த்துத்தான் டாம்கேட் படிக்கிறது.

பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில். எழுதியது ஓரிடத்தில், பிறப்பதோ செயலிக்கு ஒன்றாக ஐந்து ஃபில்டர்கள். ஃபில்டரின் வகுப்பு (அதன் நிரல்) ஒரு செயலியின் ஜார் கோப்புக்குள் மட்டும் இருந்தால், மற்ற நான்கும் தொடங்காமலே நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் எட்டும் லிப் கோப்புறையில் அதை வைக்க வேண்டும். அப்போது வகுப்பு ஒன்று, அதிலிருந்து உருவாகும் பொருள்கள் ஐந்து. வகுப்புக்கே பொதுவான ஸ்டேடிக் மாறியில் எண்ணினால் ஐந்து செயலிகளின் கோரிக்கைகளும் ஒரே கணக்கில் சேரும். பொருளுக்குப் பொருள் தனியான சாதாரண மாறியில் எண்ணினால் ஐந்து தனிக் கணக்குகள். இரண்டிலும் இணையாக ஓடும் பல இழைகள் (த்ரெட்கள்) ஒரே நேரத்தில் கைவைக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஃபில்டருக்குள், கோரிக்கையை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் 'செயின்.டூஃபில்டர்' என்ற ஒற்றை வரிதான் எல்லை. அதற்கு மேலுள்ளவை கோரிக்கை உள்ளே போகும்போதும், கீழுள்ளவை பதில் திரும்பும்போதும் ஓடும். அடையாள எண்ணைப் பதிலின் ஹெடரில் (உள்ளடக்கத்துக்கு முன்னால் போகும் குறிப்புகளில்) சேர்க்கும் வரியைக் கீழே எழுதிப் பாருங்கள். சிறிய பக்கங்களில் எண் தெரியும், பெரிய பக்கங்களில் காணாமல் போகும். டாம்கேட்டின் பதில் பஃபர், அதாவது அனுப்பும் முன் பதில் தேங்கும் இடம், இயல்பாக 8192 பைட். அது நிரம்பியதும் ஹெடர்கள் கிளம்பிவிடுகின்றன. பிறகு சேர்ப்பது சத்தமில்லாமல் கைவிடப்படும். பிழைச் செய்திகூட வராது. அந்த வரியை மேலே ஏற்றினால் சரியாகிவிடும்.

ஜாவா வலைச் செயலிகளுக்கான தரநிலையாக 2009இல் வந்த சர்வ்லெட் 3.0, ஃபில்டரை நிரல் வழியாகவும் பதிய இடம் கொடுத்தது. வெப்.எக்ஸ்எம்எல்லில் உள்ள ஃபில்டர்களுக்கு முன்னால் ஓடுவதா, பின்னால் ஓடுவதா என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை மிஞ்சுகிறது. எந்தச் செயலிக்கும் பொருந்தாத முகவரிக்கு வரும் கோரிக்கையை எந்த ஃபில்டரும் பார்ப்பதில்லை. செயலி இருந்தால்தானே ஃபில்டர்! சர்வர்.எக்ஸ்எம்எல்லில் ஹோஸ்ட் மட்டத்தில், அதாவது செயலிகளுக்கு மேலே, பதியும் வால்வு என்ற டாம்கேட்டுக்கே உரிய நிரல் அதையும் பார்த்துவிடுகிறது. டாம்கேட் போன்ற இன்னொரு சர்வரான ஜெட்டியில் இந்த வேலையைச் செயலிகளுக்கு வெளியே சுற்றப்படும் ஹேண்ட்லர் செய்கிறது. வால்வை வேறு கன்டெய்னருக்கு (ஜெட்டி போன்ற சர்வருக்கு) எடுத்துச் செல்ல முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் அடையாள எண் இடும் வேலைக்கு நான் வால்வையே தேர்ந்தெடுப்பேன். வழிதவறி வந்து 404 வாங்கித் திரும்பும் கோரிக்கைக்கும் ஓர் எண் வேண்டும்.