இதயம் நின்றபோது கண்டதை அவர்கள் சொல்லட்டும்

ஐசியூவில் நின்றுபோன இதயம் மறுபடி துடித்து, நோயாளி தெளிவாகப் பேசத் தொடங்கிய பிறகு, சிலர் தயங்கித் தயங்கிச் சொல்வதுண்டு: "டாக்டர், என் உடம்பை நானே மேலேயிருந்து பார்த்தேன்." வீட்டார் உடனே, "மருந்து மயக்கம், அதையெல்லாம் பேசாதீங்க" என்று அடக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நெதர்லாந்தின் 10 மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரை இதயநோய் மருத்துவர் பிம் வான் லோமலின் குழு விசாரித்தது. 62 பேர் இத்தகைய அனுபவத்தைச் சொன்னார்கள். 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. ஐசியூ குழப்பத்தில் பகல் இரவே புரியாது, நினைவும் துண்டு துண்டாக இருக்கும். இதுவோ 8 ஆண்டுகள் கழித்துக் கேட்டபோதும் அவர்களுக்குத் தெளிவாக நினைவிருந்தது. மரண பயமும் குறைந்திருந்தது.

நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் பணியாற்றிய சத்வந்த் பஸ்ரிச்சா, அமெரிக்க மனநல மருத்துவர் ஐயன் ஸ்டீவன்சனுடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், சாவின் விளிம்பிலிருந்து மீண்டவர்கள் சொன்ன காட்சிகளில் எமதூதர்கள் வருகிறார்கள். ஆளை மாற்றிக் கொண்டுவந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். காட்சிக்கு உருவம் தருவது அவரவர் வளர்ந்த பண்பாடு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் உணர்வு உடலை விட்டுப் போகிறதா? தீவிர சிகிச்சை மருத்துவர் சாம் பார்னியா குழுவின் 2023 ஆய்வில், சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முயற்சி) நடக்கும்போது நோயாளியின் தலைமாட்டில் ஒரு திரையில் படங்களைக் காட்டினார்கள். பிழைத்துப் பேட்டி கொடுத்த 28 பேரில் ஒருவரும் அந்தப் படத்தை அடையாளம் சொல்லவில்லை. ஆனால் 11 பேருக்கு ஏதோ நினைவோ உணர்வோ இருந்தது. வேறு சிலரின் இஇஜியில் (மூளை அலைப் பதிவில்), சிபிஆர் தொடங்கி ஒரு மணி நேரம் வரைகூட விழிப்பு நிலையை ஒத்த அலைகள் தலைகாட்டின. இதயம் நின்ற சில விநாடிகளில் நினைவு தப்பும். ஆனால் நெஞ்சை அழுத்தும்போது மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போகிறது. ஆன்மாவுக்கு இது சான்று ஆகாது. வெளியே அசைவே இல்லாத உடலுக்குள் உணர்வு அடியோடு அணைந்துவிட்டது என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

அதனால்தான் சிபிஆர் செய்யும்போது "முடிஞ்சுபோச்சு" என்று யாரும் சொல்லக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். அவர் காதில் அது விழலாம்.

எல்லோருக்கும் இது இனிய அனுபவம் அல்ல. பயங்கரமாகக் கண்டவர்கள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. வீடு திரும்பிய பிறகும் தூக்கம் கெட்டால், அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தால், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கூடவே, அது பைத்தியம் இல்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.