நட்பில் ஒருவர் மட்டுமே பொறுத்துக்கொள்ளும்போது

“இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரு பேச்சுக்காக விட்டுவிடுவதா?” என்ற கேள்வி, கோத்தகிரியில் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம் அடிக்கடி வருகிறது. அதைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் புண்பட்டவர் அல்லர். புண்படுத்தியவரோ இருவருக்கும் பொதுவான நண்பரோதான் அதைக் கேட்கிறார். புண்பட்டவர் தாழ்ந்த குரலில் கேட்பது வேறு: “நான்தான் எல்லாத்தையும் பெருசா எடுத்துக்கறேனா மேடம்?”

பச்சைத் தேயிலைக்கு என்ன விலை நிர்ணயிக்க வேண்டும், சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையா என்பவை பற்றி நண்பர்கள் இரவு முழுவதும் சண்டையிடலாம். காலையில் இருவரும் சமமானவர்களாகவே எழுந்திருப்பார்கள். ஆனால் ஒரு சாதியார் இந்தத் தெருவில் குடியிருக்கலாமா, ஒரு மதத்தாரை நம்பலாமா என்பவை பேச்சாகும்போது, ஒருவர் தம் கருத்தைப் பேசுகிறார், மற்றவரோ தம் வாழ்க்கையைப் பேசுகிறார். இதையும் ‘கருத்து வேறுபாடு’ என்ற கணக்கிலேயே சேர்த்து, இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று சொல்வது நடுநிலை ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் சந்தித்த இருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த தோழிகள். ஒருவர் சொந்த வீடும் காய்கறித் தோட்டமும் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். மற்றவருடைய தாத்தா, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இங்கு வந்தவர். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று வகுத்த ஒப்பந்தம் அது. அப்படி வந்தவர்களுக்கு வேலையும் இருப்பிடமும் தருவதற்காக 1968இல் வனத்துறையின் கீழ் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே பின்னாளில் டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. மூன்றாம் தலைமுறை இங்கேயே பிறந்து வளர்ந்த பிறகும் ‘சிலோன்காரங்க’ என்ற அடைமொழி போகவில்லை. அதனோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது.

செவிலியராகி, தோட்டத்து லைன் வீட்டை விட்டு டவுனில் வாடகைக்கு வீடு தேடிய அந்தப் பெண், தோழியின் வீட்டு மாடி காலியாக இருப்பதை அறிந்து கேட்டிருக்கிறார். “அந்த ஆளுங்களுக்கு விட்டா நாளைக்கு ஊர்ல நம்மளைக் கேப்பாங்க” என்று தோழியின் தந்தை மறுத்துவிட்டார். தோழி, “அப்பா அப்படித்தான்டி, நீ மனசுல வெச்சுக்காதே” என்றார்.

அவரை என்னிடம் வரவைத்தது தந்தையின் மறுப்பு அன்று, தோழியின் சமாதானம். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டது. பழைய நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டத் தொடங்கினார். அந்த வீட்டில் தமக்கு மட்டும் ஏன் எப்போதும் வெளி அறையிலேயே காபி வந்தது என்ற கேள்வி, இருபது வயதில் எழாதது, இப்போது இரவு இரண்டு மணிக்கு எழுந்தது. தோழியைப் பார்க்கப் போகுமுன் என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தார். இத்தகைய ஒத்திகை தொடங்கிவிட்டதென்றால், நட்பின் பாரம் முழுவதும் ஒரு தோளுக்கு மாறிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சேர்ந்து பழகினால் வெறுப்பு குறையும் என்பது உண்மைதான். 1954இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் முன்வைத்த அக்கருத்தை, பெட்டிகுரூவும் டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துச் சோதித்து 2006இல் பெரிதும் உறுதிசெய்தார்கள். ஆனால் ஆல்போர்ட் சொன்னது வெறும் பழக்கத்தை அன்று. சம நிலையில் நின்று, பொது நோக்கத்துக்காக ஒத்துழைத்து, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவோடு பழகுவதை. 2009இல் சாகுயும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனையில் கண்டது இதைவிடக் கசப்பானது. வேற்றுமைகளைத் தொடாமல் இனிமையாகப் பழகிய பின், தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டவர்கள் எதிர்த்தரப்பு தங்களுக்கு நியாயமாக நடந்துகொள்ளும் என்று நம்பினார்கள். வளங்களைப் பகிர்ந்தளிக்கும் நேரம் வந்தபோது எதிர்த்தரப்பு அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. நம் மலையிலும் ஒன்றாகச் சாப்பிட்ட, ஒன்றாகத் திருவிழா பார்த்த நட்புகள் வீட்டு வாடகையிலும் பெண் கேட்பதிலும் வந்து நின்றுவிடுவது இதனால்தான்.

பிறகு அந்தத் தோழியே என்னிடம் வந்தார். அவரிடம் 2016இல் புரூக்மனும் கல்லாவும் மியாமி நகரில் செய்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். திருநர் உரிமை குறித்து வீடு வீடாகச் சென்று பத்து நிமிட அளவில் பேசியதே மனப்பான்மையை மாற்றியது. மாற்றம் மூன்று மாதமேனும் நீடித்தது. அங்கே வாதம் செய்யவில்லை. பிறர் தம்மைத் தாழ்வாக எடைபோட்ட ஒரு நேரத்தை நினைவுகூரும்படி கேட்டார்கள். அப்படிப் பேசச் சென்றவர்களில் திருநரும் உண்டு, அல்லாதவரும் உண்டு. இருவர் பேச்சும் பலன் தந்தது. ஆகவே பாதிக்கப்பட்டவரே தம் புண்ணைத் திறந்து காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோழி தந்தையிடம் அவ்வாறே பேசினார். உறவினர்கள் முன்னிலையிலும் தம் மறுப்பைச் சொன்னார். மாடி வீடு கிடைக்கவில்லை. ஆனால் நடந்ததை இனிப்புத் தடவாமல் செவிலியரிடம் சொல்லி, வேறு வீடு தேட உடன் அலைந்தார். நட்பு தொடர்கிறது, செவிலியர் அந்த வீட்டுக்கு மட்டும் போவதில்லை. அந்த முடிவை மாற்றும்படி நான் ஒருபோதும் கேட்கமாட்டேன்.

எல்லா நட்புக்கும் இந்த வழி திறப்பதில்லை. குன்னூரிலிருந்து ஓர் இளைஞரை அவருடைய நண்பர், “இவனுக்கு ஆண்கள் மேலதான் ஈர்ப்பாம், சரி பண்ணிக் கொடுங்க” என்று அழைத்து வந்தார். இது நோயன்று, சரிசெய்ய இதில் ஒன்றும் இல்லை என்றேன். 2018இல் உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவிலிருந்து வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவை விலக்கியதையும், 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ‘சிகிச்சை’ முயற்சிகளைத் தடைசெய்ததையும் விளக்கினேன். அந்தத் தீர்ப்பை அளித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் தமக்குப் போதிய அளவு விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, முதலில் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தவர். நண்பர் கேட்க முன்வரவில்லை. மறுவாரம் இளைஞரின் வீட்டாரிடமே செய்தியைச் சொல்லிவிட்டார். அந்த நட்பு முடிந்தது, முடிந்ததில் தவறில்லை.

சாதி கூறி இழிவுபடுத்துவதோ மிரட்டலோ நடந்திருந்தால், அது நண்பர்களுக்குள் பேசித் தீர்க்கும் விவகாரம் அன்று. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு; 15100 என்ற எண்ணில் கேட்கலாம். தூக்கமின்மையும் மனச்சோர்வும் தொடர்ந்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

என்னிடம் சமரசம் வேண்டி வருபவர்களுக்கு ஒரு முறையை வைத்திருக்கிறேன். இருவரையும் உடனே ஓர் அறையில் அமர்த்துவதில்லை. புண்படுத்தியவர் முதலில் தனியாக வர வேண்டும். அவர் என்ன சொன்னார், நண்பர் இல்லாத இடத்தில் அதே பேச்சு எழுந்தபோது என்ன செய்தார் என்பதை என்னிடம் சொல்ல வேண்டும். அதன் பிறகே மற்றவரை அழைத்து, அவருக்கு இன்னும் பேச விருப்பம் இருக்கிறதா என்று கேட்கிறேன்.