ஒயின் பிடிக்கவில்லையா, வாங்கிய கடை சரியில்லையா?

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் பாதி மீதமிருந்த பாட்டிலோடு என்னைப் பார்க்க வந்தார். "அக்கா, நாலு தடவை வாங்கிப் பார்த்துட்டேன். பழ வாசனை, பூ வாசனைன்னு எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒயின் எனக்கு ஒத்துவராது போல" என்றார்.

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். நிறமில்லாத கண்ணாடியில் அடைத்த வெள்ளை ஒயின். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது பால் விடாத டீ மாதிரி பழுப்பேறியிருந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த உறை விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கார்க்கின் ஒரு பக்கத்தில் அடியிலிருந்து உச்சிவரை ஒயின் ஊறி ஏறிய தடம் இருந்தது. திறக்கும்போது கார்க் எப்படி இருந்தது என்று கேட்டேன். "கொஞ்சம் வெளியே துருத்திக்கிட்டு இருந்துச்சு" என்றார். முகர்ந்து பார்த்தால் வேகவைத்த ஆப்பிள் வாடை.

அவர் நாக்கில் ஒரு குறையும் இல்லை. அந்த ஒயின் கடையிலேயே, அல்லது கடைக்கு வரும் வழியிலேயே சூட்டில் வெந்துபோயிருக்கிறது.

உணவகங்களுக்கு ஒயின் வாங்கிக் கொடுப்பது என் வேலை. இதே கதையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த ஒயின் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். எந்தக் கடையில் வாங்கலாம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கெட்ட கடையில் நல்ல ஒயினும் கெட்டுப்போகும். லேபிளில் அது தெரியாது.

ஒயினை வைத்திருக்க ஏற்ற சூடு 12 முதல் 15 டிகிரி செல்சியஸ். அதைவிட முக்கியம், அந்தச் சூடு ஏறி இறங்காமல் இருப்பது. ஓரிரு நாள் 25 டிகிரியில் இருந்தால் குடி முழுகிப் போகாது. ஆனால் 30-க்கு மேல் வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், ஓரமாகக் கசியும். பிறகு குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்று பட்ட வெள்ளை ஒயின் பழுப்பாகும், பழ வாசனை செத்துப்போகும். அந்தத் தம்பியின் பாட்டிலுக்கு நடந்தது இதுதான்.

அதனால் கடைக்குள் நுழைந்ததும் பாட்டில்களைப் பார்க்காதீர்கள், கடையைப் பாருங்கள். உள்ளே குளுமையாக இருக்கிறதா? அப்புறம் தயங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி கடை பூட்டின பிறகும் ஏசி ஓடுமா?" பகலில் வாடிக்கையாளருக்காக ஓடும் ஏசியை இரவில் அணைத்துவிடும் கடைகள் நிறைய. அங்கே பாட்டில்கள் தினமும் சூடேறிக் குளிர்கின்றன. ஸ்டாக் அறையில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்றும் கேட்கலாம். அக்கறையுள்ள கடைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

அடுத்து வெளிச்சம். ஜன்னலோரம் வெயில் படும்படி, பளிச்சென்ற விளக்குக்குக் கீழே அழகாக அடுக்கிய பாட்டில்களை வாங்காதீர்கள். புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் ஒயினில் இயல்பாகவே உள்ள ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினோடு வினைபுரிந்து, கந்தகம் கலந்த, வெந்த முட்டைக்கோஸ் மாதிரியான வாடையை உண்டாக்கும். நிறமில்லாத கண்ணாடிக்குத்தான் ஆபத்து அதிகம். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்காக 1876-இல் உருவான கிறிஸ்டல் ஷாம்பெயின் இன்றும் நிறமற்ற பாட்டிலில்தான் வருகிறது. அதன்மேல் ஒளியைத் தடுக்கும் செலோஃபேன் தாளைச் சுற்றித்தான் விற்கிறார்கள். அவ்வளவு விலையுள்ள ஒயினுக்கே அந்தப் பாதுகாப்பு தேவைப்படுகிறது.

கார்க் போட்ட பாட்டில் மாதக்கணக்கில் நின்றபடியே இருந்தால் கார்க் காய்ந்து காற்று புகலாம், எனவே படுக்கவைத்திருப்பது நல்லது. திருகு மூடிக்கு இந்தக் கவலை இல்லை. திருகு மூடி என்றால் மட்டமான ஒயின் என்று நினைக்கவும் வேண்டாம். தோளில் தூசி படிந்த பாட்டிலைப் பார்த்து "பழசு, அதனால் உசத்தி" என்றும் மயங்க வேண்டாம். சந்தையில் உள்ள பெரும்பாலான ஒயின்கள் சில வருடங்களுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின், லேசான வெள்ளை ஒயின் என்றால் லேபிளில் உள்ள அறுவடை ஆண்டு எவ்வளவு சமீபமோ அவ்வளவு நல்லது.

சரி, கடை நன்றாக இருக்கிறது. கடைக்காரர்?

உங்கள் பட்ஜெட்டைச் சொல்லிவிட்டு அவர் கை எந்த அலமாரிக்குப் போகிறது என்று கவனியுங்கள். நல்லவர் முதலில் உங்களைக் கேள்வி கேட்பார். என்ன சாப்பாட்டோடு குடிக்கப் போகிறீர்கள், காபியில் சர்க்கரை போடுவீர்களா, புளிப்பு பிடிக்குமா என்றெல்லாம் விசாரிப்பார். சொன்ன தொகைக்குள்ளேயே எடுத்துக் காட்டுவார், சில சமயம் அதற்குக் குறைவாகவும். எதுவும் கேட்காமல் விலையுயர்ந்த பாட்டிலை நீட்டுபவர் தன் ஸ்டாக்கைக் கழிக்கப் பார்க்கிறார். இன்னொன்றும் செய்யலாம். ஷார்டொனே என்ற திராட்சையில் செய்த, ஒரே விலையுள்ள இரண்டு வெள்ளை ஒயின் பாட்டிலைக் காட்டி என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். "இது பிரான்ஸ்ல ஷாப்லிங்கிற குளிர்ப் பிரதேசத்துது, எலுமிச்சை மாதிரி புளிப்பா இருக்கும். அது ஓக் பீப்பாயில வச்சது, வெண்ணெய் மாதிரி வழவழப்பா இருக்கும்" என்று எளிமையாகச் சொல்லத் தெரிந்தவரை விடாதீர்கள். "இதை நான் குடிச்சதில்லை, தெரியாம சொல்ல மாட்டேன்" என்பவரையும்தான். அப்படிச் சொல்பவர் மற்ற பாட்டில்களைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

"தினமும் ஒரு கிளாஸ் குடிங்க, இதயத்துக்கு நல்லது" என்று விற்கிறாரா? வெளியே வந்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற வகையில், பட்டியலிட்டது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது. இந்தத் தொழிலில் சம்பாதிக்கும் நானே சொல்கிறேன், ஒயினை ருசிக்காகக் குடிக்கலாம், மருந்தாகக் குடிக்கக் கூடாது. மருந்து என்று பொய் சொல்பவர் பாட்டிலைப் பற்றியும் பொய் சொல்வார்.

வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "கார்க் கெட்டிருந்தா மாத்திக் கொடுப்பீங்களா?" டிசிஏ என்ற ஒரு ரசாயனம் கார்க்கிலிருந்து ஒயினில் இறங்குவது உண்டு. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி, பூட்டிக் கிடந்த ஈர அறை மாதிரி வாடை வரும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் குடிக்க முடியாது. இதில் கடைக்காரரின் தப்பு எதுவும் இல்லை, அதனால்தான் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது முக்கியம். நல்ல கடைக்காரர் முகர்ந்து பார்ப்பார், வேறு பாட்டில் கொடுப்பார், கெட்டதை சப்ளையரிடம் கணக்கு காட்டிக்கொள்வார். சந்தேகம் வந்தால் ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல், மறுநாளே கார்க்கோடும் பில்லோடும் கொண்டுபோங்கள். முக்கால் பாட்டிலைக் குடித்துவிட்டுப் போய் நியாயம் கேட்க முடியாது.

பில் என்றதும் நினைவுக்கு வருகிறது. இத்தாலியில் 1986-இல் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாட்டில் யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்ற தடம் இதற்காகத்தான் வேண்டும். தயாரித்தவர் பெயர், வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயர், எந்தத் தொகுப்பில் அடைத்தது என்று காட்டும் லாட் எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். லாட் எண்ணைச் சுரண்டியிருந்தால், பில் தர மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பழைய, அரிய பாட்டில்களின் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். 2008-இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் பிரான்ஸின் பொன்சோ பண்ணையின் பெயரில் 1945-ஆம் ஆண்டு முதலான க்ளோ சான் தெனி என்ற ஒயின் பாட்டில்கள் வந்தன. அந்தப் பண்ணை அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். பண்ணையின் உரிமையாளரே நேரில் போய் அவற்றை ஏலத்திலிருந்து எடுக்கவைத்தார். பெரிய ஏல நிறுவனங்களே ஏமாறும் இடம் அது.

ஆன்லைனில் வாங்குபவர்கள் கோடைக் காலத்தில் ஆர்டர் போடாதீர்கள். வண்டிக்குள் பெட்டி எவ்வளவு நேரம் வேகும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். புதுக் கடையில் முதல் தடவை இரண்டு பாட்டில் போதும். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு 12 பாட்டில் பெட்டியாக எடுக்க வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு அன்றைக்கே, அதே திராட்சை வகையில் ஒழுங்காக வைத்திருந்த பாட்டில் ஒன்றைத் திறந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "எலுமிச்சைத் தோல் மாதிரி இருக்கு, சரியா அக்கா?" என்றார். சரிதான் என்றேன். அடுத்த வாரம் போன் செய்தார். புதிதாக ஒரு கடைக்குப் போய் ராத்திரி ஏசி ஓடுமா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் பதில் சொல்லாமல் பின்பக்க ஸ்டாக் அறைக்குக் கூட்டிப்போய், சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைக் காட்டினாராம். 14 டிகிரி.