டி செல் களைக்கும் விதம்: டர்பனில் கிடைத்த ஒரு துப்பு

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்றால், பார்க்க வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எதிர்ப்பு சக்தி கொறைஞ்சுபோச்சு, அதான்." அப்புறம் மஞ்சள் பால், கீரைச் சாறு. அன்புக்குக் குறையில்லை. ஆனால் கட்டிக்குள் நடப்பது வேறு.

பயாப்சியில் எடுத்த சதையைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கோணல்மாணலான புற்றணுக்களின் ஓரத்தில் சின்னச் சின்னக் கருநீலப் புள்ளிகள் மொய்த்திருப்பதைப் பல கட்டிகளில் பார்க்கலாம். அவை லிம்போசைட்டுகள், அதாவது நோய் எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளையணுக்கள்; அவற்றில் டி செல்கள் என்ற வகை ஏராளம். ஆட்கள் வந்துவிட்டார்கள், வேலைதான் நடக்கவில்லை.

ஒவ்வொரு டி செல்லும் குறிப்பிட்ட ஒரு புரதத் துணுக்கைக் கண்டால் தாக்கும். சாதாரணக் காய்ச்சலில் சில நாட்களில் கிருமி ஒழியும், டி செல்லும் அடங்கும். புற்றுநோயிலோ அந்தத் துணுக்கு மாதக்கணக்கில் எதிரிலேயே நிற்கிறது. ஓயாமல் தூண்டப்படும் செல் களைத்துப்போகிறது: பெருகுவதைக் குறைக்கிறது, தாக்குவதற்கான பொருட்களைச் சுரப்பதைக் குறைக்கிறது, பிடி-1 என்ற புரதத்தைத் தன் மேல் நிறைய ஏற்றிக்கொள்கிறது. அதுதான் பிரேக். அது இல்லாவிட்டால் சொந்த உடம்பையே தாக்கிவிடும் என்பதால் அதை வைத்திருப்பது நியாயம்தான். புற்றணு பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அந்த பிரேக்கை அழுத்துகிறது. வேடிக்கை என்னவென்றால், டி செல் தாக்கும்போது விடும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதமே புற்றணுவை பிடி-எல்1 செய்யத் தூண்டுகிறது. கிருமிகளை விழுங்க வேண்டிய மேக்ரோஃபேஜ்களும் பல கட்டிகளில் கட்சி மாறி, கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் வளர உதவுகின்றன.

பிடி-1ஐ 1992இல் கியோட்டோவில் கண்டுபிடித்தது தசுகு ஹொன்ஜோவின் குழு. இந்தக் களைப்பை மனிதர்களிடம் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்றுக்கு ரத்தம் கொடுத்தவர்களோ நம் டர்பன்காரர்கள். எச்ஐவிக்கு அதுவரை மருந்து எடுக்காத 71 பேர். முடிவுகள் 2006இல் 'நேச்சர்' இதழில் வந்தன. உடலில் வைரஸ் கூடுதலாக இருந்தவர்களின் டி செல்களில் பிடி-1ம் கூடுதலாக இருந்தது. ஆய்வகத்தில் பிடி-1ஐயும் பிடி-எல்1ஐயும் சேரவிடாமல் தடுத்ததும் அந்த செல்கள் மறுபடி பெருகின. வைரஸ் வேறு, கட்டி வேறு. செல் களைக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றே.

பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகள் செய்வதும் அந்தத் தடுப்பைத்தான். ஹொன்ஜோவுக்கும், டி செல்லின் இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. மெலனோமா என்ற தோல் புற்றில் இந்த மருந்துகளுக்கு நல்ல பலன். கணையப் புற்றில் பெரும்பாலும் இல்லை. பிரேக் விட்ட டி செல்கள் தைராய்டு, குடல், நுரையீரலையும் தாக்கலாம். களைப்பு முற்றிய செல்லில் மரபணுக்கள் இயங்கும் முறையே மாறிவிடுவதால், மருந்து கொடுத்தாலும் பழைய வேகம் முழுசாகத் திரும்பாது.

எதிர்ப்பு சக்தி குறைந்துபோச்சு என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வது ஒரு இடத்தில் சரி. எச்ஐவி உள்ள பெண்களுக்கு உண்மையிலேயே எதிர்ப்புச் செல்கள் குறைகின்றன; கருப்பைவாய்ப் புற்று வரும் ஆபத்து அவர்களுக்குச் சுமார் 6 மடங்கு. அந்தப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸ் உடம்பில் தங்குவதற்கு முன்பே தடுக்கும் ஊசியை, 2014 முதல் தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளில் 9 வயது நிறைந்த சிறுமிகளுக்குப் போடுகிறார்கள். பள்ளியிலிருந்து சம்மதப் படிவம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.