வேட்பாளரை மட்டும் பார்த்தால் போதுமா?

“கட்சி எதுக்குங்க, ஆளு நல்லவரான்னு பாத்துப் போட்டாப் போதாதுங்களா?” தேர்தல் நெருங்கும்போதெல்லாம் என் அலுவலகத்தில் கேட்கும் கேள்வி இது. கிரயப் பத்திரத்துக்கோ பாகப்பிரிவினைக்கோ வந்தவர்கள் வேலை முடிந்து எழும்போது கேட்பார்கள். ஈரோடு மாவட்டத்தில் வழக்கறிஞராக இருந்து, பல கட்சி வேட்பாளர்களுக்கும் சுயேச்சைகளுக்கும் வேட்புமனு தயாரித்துக் கொடுத்தவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில் இதுதான்: ஆளைப் பார்ப்பது அவசியம், ஆனால் சட்டமன்றத் தேர்தலில் அது பாதி வேலை மட்டுமே. மனுத் தாக்கலில் தொடங்கி, சட்டமன்றத்தில் ஒரு மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று முடிவு செய்வது வரை, சட்டம் ஒவ்வொரு கட்டத்திலும் கட்சியை நடுவில் நிறுத்தியிருக்கிறது.

முதலில் மனுத் தாக்கல். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை முன்மொழிய அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஆனால் ஒருவர் கட்சி வேட்பாளர் என்பதை அவர் தோளில் கிடக்கும் துண்டு நிரூபிக்காது. ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு படிவங்களே நிரூபிக்கும். கட்சியின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதை முதல் படிவம் சொல்கிறது; வேட்பாளர் யார், அவர் மனு தள்ளுபடியானால் மாற்று யார் என்பதை இரண்டாவது சொல்கிறது. இரண்டும் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள், மையால் இட்ட அசல் கையெழுத்துடன் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். நகலோ ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்தோ செல்லாது. ஒரு தேர்தலில் வாட்ஸ்அப்பில் வந்த ‘பி’ படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வேட்பாளர் தாலுகா அலுவலகத்தில் காத்திருந்தார்; அசல் படிவம் சென்னையிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தது, அப்போதுதான் சங்ககிரி தாண்டியிருந்தது. அது நேரத்துக்கு வந்து சேராமல் போயிருந்தால் அவர் சுயேச்சையாகக் கருதப்பட்டிருப்பார். மனுவில் முன்மொழிந்தவர் ஒருவரே என்பதால் பரிசீலனையில் மனு நின்றிருக்காது. ஊரில் அவருக்கு இருந்த நல்ல பெயர் அந்த மேசையில் எந்தக் கணக்கிலும் வந்திருக்காது.

கட்சி இல்லாமல் நின்று பார்த்த அனுபவமும் நம் மண்ணுக்கு உண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் குறைகளைக் கவனத்துக்குக் கொண்டுவர எங்கள் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில் கூட்டம் கூட்டமாக மனுச் செய்தார்கள். 1,033 பேர் களத்தில் நின்றதால் வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று, தேர்தலும் தள்ளிப்போனது. நாடே திரும்பிப் பார்த்தது உண்மை. ஆனால் வென்றவர் கட்சி வேட்பாளர். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. பத்து முன்மொழிவோர் என்ற விதியும் அப்போது வந்ததுதான். இன்று டெபாசிட் 10,000 ரூபாய்.

வாக்குப்பதிவு நாளில் கட்சி செய்யும் வேலையைப் பலர் கவனிப்பதே இல்லை. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன் வேட்பாளர்கள் நியமித்த முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, குறைந்தது 50 ஓட்டுகளைப் பதிந்து, எண்ணிக் காட்டி, அவற்றை அழித்த பிறகே இயந்திரத்துக்கு முத்திரை வைக்கிறார்கள். மாலையில் எத்தனை ஓட்டு பதிவானது என்ற கணக்கு 17சி படிவத்தில் முகவருக்குக் கிடைக்கிறது. வாக்கு எண்ணிக்கை அன்று இயந்திரத்தில் வரும் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த உரிமை சுயேச்சைக்கும் உண்டு. ஆனால் இருநூறு, முந்நூறு வாக்குச்சாவடிகளிலும் விடியற்காலையில் போய் உட்கார்ந்து, பொழுது சாயும் வரை நகராமல் இருந்து, அந்தப் படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வர அத்தனை ஆட்களைத் திரட்டக்கூடியது பெரும்பாலும் கட்சி அமைப்பு மட்டுமே. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கண்காணிப்பதுதான் நம் ஓட்டுக்குக் கிடைக்கும் அன்றாடப் பாதுகாப்பு.

பணத்தைப் பொறுத்தவரை சட்டத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. கட்சியின் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. இதை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆட்சிக்கு வருவோம். வாக்காளர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது கட்சித் தாவல் தடைச் சட்டம். 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. அதன்படி, கட்சி பிறப்பித்த உத்தரவை (கொறடா உத்தரவு என்பது இதைத்தான்) மீறிச் சட்டமன்றத்தில் ஓட்டளித்தாலோ, ஓட்டளிக்காமல் விலகி நின்றாலோ, முன் அனுமதி பெறாமலும் 15 நாட்களுக்குள் கட்சி மன்னிக்காமலும் இருந்தால், அந்த உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். நிலம் எடுப்பு பற்றி ஒரு மசோதா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எம்.எல்.ஏ. உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரராக இருக்கலாம், ஒரே குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைப்பவராக இருக்கலாம், அந்த மசோதா தவறு என்று மனதார நினைப்பவராகவும் இருக்கலாம். கொறடா உத்தரவு வந்துவிட்டால் அவர் முன் இருப்பவை இரண்டே வழிகள்: கட்சி சொன்னபடி ஓட்டளிப்பது, அல்லது பதவியைப் பணயம் வைப்பது. கொறடா உத்தரவு ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புக்கும், கட்சியின் அடிப்படைக் கொள்கை சார்ந்தவற்றுக்கும் மட்டும் இருந்தால் நல்லது என்ற கருத்தை 1992-இல் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனவே இன்றைய நிலையில் நாம் ஓட்டுப் போடும் நல்ல மனிதர் சட்டமன்றத்தில் தமக்குள்ள ஓட்டுரிமையைக் கட்சித் தலைமையிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

அதற்காகக் கட்சியே இல்லாத ஆட்சி மேல் என்று சொல்லிவிடவும் முடியாது. திருச்செங்கோடு வட்டாரத்துக் குமாரமங்கலத்தின் டாக்டர் பி. சுப்பராயன் 1926-இல் சென்னை மாகாணத்தில் சுயேச்சை அமைச்சரவை அமைத்தார். அதிக இடம் பெற்ற சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்ததால் வந்த வாய்ப்பு அது. சைமன் கமிஷன் விவகாரத்தில் இரண்டு அமைச்சர்கள் விலகியபோது, அந்த ஆட்சி தொடர நீதிக்கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. தனக்கென்று உறுப்பினர் பலம் இல்லாத ஆட்சி, யாருடைய ஆதரவில் நிற்கிறதோ அவர்களுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

ஊராட்சித் தேர்தலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. அதே வாக்குச்சாவடியில் அதே நாளில் நாம் போடும் ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர் ஓட்டுகள் கட்சி அடிப்படையிலானவை. “ஆளைப் பார்த்துப் போடுகிறேன்” என்பது முதல் இரண்டு சீட்டுகளுக்கு முழுமையாகப் பொருந்தும்.

மற்ற தேர்தல்களில் கட்சியிடம் கேட்கச் சட்டமே சில வழிகளைத் தந்திருக்கிறது. குற்ற வழக்கு நிலுவையில் உள்ள ஒருவரை நிறுத்தினால், அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம், வழக்கு இல்லாத வேறொருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்று கட்சி காரணம் எழுதி, ஓர் உள்ளூர் நாளிதழிலும் ஒரு தேசிய நாளிதழிலும் தன் சமூக ஊடகப் பக்கத்திலும் வெளியிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே படிக்கலாம். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்கள் பட்டியலையும் கட்சிகள் ஆண்டுதோறும் ஆணையத்திடம் கொடுக்கின்றன; அதை ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். பிரசாரத்துக்கு வீடு தேடி வரும் ஒன்றியச் செயலாளரிடம், நம் ஊர்ப் பிரச்சினையில் உங்கள் வேட்பாளரின் நிலை என்ன என்பதோடு நிறுத்தாமல், கட்சியின் நிலை என்ன, அது தேர்தல் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.