தேதி கிடைத்த நாளிலிருந்தே

புற்றுநோய் அறுவைக்குத் தேதி கிடைத்ததும் டர்பனில் நம் வீடுகளில் நோயாளியைப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுப்பார்கள். அன்பினால்தான். ஆனால் உடம்பு கேட்பது வேறு.

அறுவைக்குப் பின் காயத்தை ஆற்ற, உடல் தன் தசையையே கரைத்துப் புரதம் எடுக்கிறது. கையிருப்பு குறைவென்றால் எழுந்து நடமாட நாளாகும். அதனால் காத்திருக்கும் 2 முதல் 4 வாரங்கள் சேமிக்கும் காலம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ இருப்பவருக்குக் குறைந்தது 72 கிராம். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் டின் மீனில் சுமார் 20, அதே அளவு வெந்த கோழியில் 27, ஒரு கப் வெந்த பருப்பில் 18. சேர்த்தால் 77. ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் ஐந்து கிராம்கூடத் தேறாது. புரட்டாசி விரதம் குறுக்கே வந்தால் 50 கிராம் உலர்ந்த சோயா மின்ஸ், இரண்டு கப் பருப்பு, இரண்டு கப் அமாசி (இங்குள்ள கெட்டியான புளித்த பால்) என்று வைத்தாலும் அதே கணக்குதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யவேண்டும்.

கூடவே தினம் அரை மணி நடை. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். புகைப்பவர்கள் நான்கு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. குடல் புற்றில் ரத்தம் கசிந்து இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதி வீண்.

'ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது' என்பது பழைய விதி. பொதுவாக, மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்வரை திட உணவு, 2 மணி நேரம் முன்வரை தண்ணீர். பால் டீ உணவுக் கணக்கில் சேரும். காலையில் அதில் ஒரு வாய் குடித்துவிட்டு வந்தால் அறுவை தள்ளிப்போகலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. சர்க்கரை மருந்துகளில் எதை எப்போது நிறுத்துவது என்று மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அறுவை முடிந்தபின் வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். நிமோனியா அங்கேதான் தொடங்கும். மூன்று பந்துகள் உள்ள மூச்சுக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். ஊதக்கூடாது, உறிஞ்சவேண்டும்: மெதுவாக இழுத்து, மூன்று நொடி நிறுத்தி, விடவேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. இருமும்போது தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

முடிந்தால் அன்றே, இல்லாவிட்டால் மறுநாள் நாற்காலியில் உட்காரவேண்டும். வயிற்றில் பெரிய புற்று அறுவை என்றால் ரத்தம் உறையாமலிருக்கும் ஊசியைப் பெரும்பாலும் 28 நாள் போடச் சொல்வார்கள். கால் வீங்கவில்லையே என்று பத்தாம் நாளில் நிறுத்திவிடாதீர்கள். வீடு திரும்பிய பிறகும் ரத்தம் கட்டலாம்.